பள்ளியில் கொடுத்த சீட்டு என்ன ஆயிற்று?

பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், ஓடியாடும் பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று கேட்பவர்கள் உண்டு. கரும்பு வெட்டு நடக்கும் நாளில் விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நியாயமான கவலைதான். அதனால்தான் மருத்துவரே பள்ளிக்கு வருகிறார்.

வேனில் வரும் குழு

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வர வேண்டும். எடை, உயரம், கண், காது, பல், தோல், இதயத் துடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். குறை தென்பட்டால் மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

சிக்கல் இங்கேதான். அந்தச் சீட்டு கணக்கு நோட்டுக்குள் மடங்கிக் கிடந்தால், பரிசோதனை செய்தும் பயனில்லை.

கரும்பலகை தெரியாத பிள்ளை

பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதும் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று திட்டு விழுகிறது. பார்வைதான் மங்கல் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது; உலகமே அப்படித்தான் என்று நினைத்திருக்கும். ஒரு கண் மட்டும் பழுதானால் மற்றது ஈடுகட்டிவிடும், யாருக்கும் தெரியாது. பழுதான கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கத் தொடங்கிவிட்டால், ஏழெட்டு வயதுக்குப் பிறகு மீட்பது கடினம். வீட்டிலேயே பார்க்கலாம்: உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டர் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளுத்த இமை

இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கட்டும், டீயோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்புச்சத்தால் வருவது, கெடுதல் இல்லை. குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள், ரத்தத்தை உறிஞ்சும் புழு குடலில் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையின் பலன் குறைந்துவிடும்.

பதின்வயதில்

10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியாவைத் தடுக்கும் டிடி (Td) தடுப்பூசி போட வேண்டும். அளவுக்கு மீறிய மாதவிடாய், தூக்கமின்மை, மனச்சோர்வு போன்றவற்றை அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை சொல்லாது. சிறிது நேரம் டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையைத் தேடி வேன் வராது. அந்தப் பிள்ளையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பள்ளிச் சீட்டு தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம். சீட்டு இல்லாமலும் அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள்.