செயற்கைக்கோள் காணாத காரைக்கால் கடல்

கடலின் உப்பை வானிலிருந்து அளக்கும் கருவிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 2009 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஸ்மாஸ், 2011 முதல் 2015 வரை உழைத்த அக்வேரியஸ், 2015 ஜனவரியில் நாசா ஏவிய ஸ்மாப் ஆகிய மூன்றும் சேர்ந்து வங்கக் கடலின் உப்பு ஆண்டு முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதன்முறையாக முழுப் பரப்புக்கும் காட்டின. அந்த வரைபடங்களில் காரைக்காலைத் தேடினால் ஏமாற்றம்தான். கரையை ஒட்டிய ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு எண்ணே இருக்காது. இருந்தாலும் நம்ப வேண்டாம் என்ற குறியோடு இருக்கும். மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் புழங்குவதும், காவிரியின் கிளையான அரசலாறு வந்து கலப்பதும் அந்தப் பட்டையில்தான். இதை வைத்துச் செயற்கைக்கோள் கரைக்கு உதவாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கரையில் நின்று நீர் அள்ளுபவரையும் அந்தக் கருவியின் ஓர் உறுப்பாகக் கருதினால்தான் அளவீடு முழுமை பெறும் என்பது என் வாதம்.

அந்த வெற்றிடம் ஏன் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாப் பொருளையும் போலக் கடலும் மெல்லிய ரேடியோ அலைகளை உமிழ்கிறது. உப்பு கூடினால் நீரின் மின்கடத்தும் திறன் கூடும், உமிழ்வு குறையும். 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இந்த வேறுபாடு அளக்கும் அளவுக்குத் தெரிகிறது. அதுவும் மேற்பரப்பின் ஒரு சென்டிமீட்டர் அளவு நீரிலிருந்து மட்டுமே. நம் கடலைப் போன்ற வெதுவெதுப்பான நீரில், கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு மாறினால் கருவி உணரும் வெப்பநிலை ஏறக்குறைய 0.7 கெல்வின் மாறும். கடல் அந்தக் கருவிக்குச் சுமார் 100 கெல்வினாகத் தெரிகிறது. நிலமோ 250 கெல்வினைத் தாண்டும். ஆகவே, கருவி பார்க்கும் கட்டத்துக்குள் நூற்றில் ஒரு பங்கு நிலம் கசிந்தாலே 1.5 கெல்வின் பிழை வந்துவிடும். உப்புக் கணக்கில் அது இரண்டு கிராம். கட்டத்தின் அகலம் 40 கிலோமீட்டர். காரைக்கால் மாவட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். இன்னொன்று, உமிழ்வு கூடினால் உப்பு குறைவு என்றே கருவி படிக்கும். அதாவது, நிலத்தின் கசிவு ஆற்று நீரின் வேடத்தில் வருகிறது. நன்னீர் உண்மையாகவே வந்து சேரும் டெல்டாக் கரைக்கு இதைவிட மோசமான பிழை இருக்க முடியாது.

இந்தக் கரைக்கு நன்னீர் காவிரியிலிருந்து மட்டும் வருவதில்லை. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய கடலியல் நிறுவனம் 2005 மே மாதம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இந்தியக் கரையில் எட்டு இடங்களில் மீனவர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை முழங்கால் ஆழத்தில் இறங்கிக் கடல்நீர் அள்ளித் தருவார்கள். மூடி இறுகாவிட்டால் நீர் ஆவியாகி உப்பின் அளவு கூடிவிடும் என்பதால் புட்டியை இறுக மூடுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. இப்படிச் சேர்ந்த எண்களை 2014-இல் வெளியிட்டபோது, தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் வங்கக் கடலின் வடகரையில் உப்பு பத்து கிராமுக்கு மேல் இறங்குவது தெரிந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய அந்த நீர் 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கரையை ஒட்டித் தெற்கே நகர்ந்து இரண்டரை மாதத்தில் குமரி முனையைத் தொடுகிறது. கடலுக்குள் ஓடும் ஆறு என்றே ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது காரைக்கால்மேட்டுக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் எதிரே இருக்கும் நீரில் இமயமலையின் பங்கும் உண்டு. அந்த ஆறு கரையை விட்டு எவ்வளவு விலகுகிறது, எங்கே சுழல்களில் சிக்கிச் சிதறுகிறது என்பதைச் சொல்லச் செயற்கைக்கோள் வேண்டும். கரையில் அது எந்த வாரம் வந்து சேர்ந்தது என்பதைப் புட்டிதான் சொல்லும்.

முழங்கால் தண்ணீர் ஆழ்கடலுக்குச் சாட்சி சொல்லுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்களும் அதைக் கேட்டு, கரையில் எடுத்த அளவுகளைத் திறந்த கடலின் அளவுகளோடு ஒப்பிட்டு, ஏற்ற இறக்கம் ஒத்துப்போவதை உறுதிசெய்தார்கள். ஆனாலும் முகத்துவாரத்தை ஒட்டி அள்ளினால் அரசலாற்றின் கதைதான் கிடைக்கும். இடத் தேர்வில் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில் கொட்டுகிறதே, எது மழைநீர், எது வடக்கு நீர் என்று எப்படிப் பிரிப்பது? ஓரிடத்து எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வடக்கே தொடங்கிய இறக்கம் ஒவ்வோர் இடமாகத் தெற்கே நகர்ந்து வருகிறதா என்று பார்த்தால் பிரிக்கலாம். அதற்கு அந்த இடங்களின் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுந்திருக்கக் கூடாது. ஆர்கோ மிதவைகள் போதாதா என்றால், அவை 2,000 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி எழும் கருவிகள். கரையோர ஆழமற்ற கடல் அவற்றின் இடமன்று.

இதையெல்லாம் அளந்து என்ன பயன் என்ற கேள்விக்கு, 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியதை அறிந்த ஊரில் நீண்ட பதில் தேவையில்லை. உப்புக் குறைந்த நீர் எடை குறைவு. அது மேலே தங்கிவிட்டால், புயல் கிளறினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வராது. மேற்பரப்பு சூடாகவே இருந்து புயலுக்குத் தீனி போடும். இத்தகைய அடுக்கு உள்ள கடற்பகுதிகளில் புயல்கள் வலுப்பெறும் வேகம் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று 2012-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு காட்டியது. காற்றின் போக்கு, வளிமண்டல ஈரம், கடலின் சூடு எல்லாம் சேர்ந்தே புயலைத் தீர்மானிக்கின்றன என்ற மறுப்பு சரியானதே. கஜாவுக்கு உப்புதான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கடலின் சூட்டை அன்றாடம் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தச் சூட்டை மேலே பிடித்துவைக்கும் உப்பை விட்டுவிடுவது பாதிக் கணக்கு.

செயற்கைக்கோள் எண்களும் தாமே திருந்திவிடவில்லை. ஆசியாவின் தரைநிலைய அலைகளின் குறுக்கீட்டால் ஸ்மாஸின் தொடக்க கால அளவுகள் வங்கக் கடலில் பெரிதும் பயன்படாமல் போயின. மறு கணக்கீட்டுக்குப் பிறகே தேறின. அவை தேறினவா என்று சரிபார்க்கக் கடலில் எடுத்த அளவுகள்தான் உரைகல். காரைக்காலில் புட்டியில் நீர் அள்ளும் இந்த வேலைக்குப் படகோ டீசலோ வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் இது நிற்காது. பட்டினச்சேரியிலோ காரைக்கால்மேட்டிலோ, முகத்துவாரத்தை விட்டு விலகிய ஓரிடத்தில், உரிய கூலியோடு ஒரு குடும்பத்திடம் இதை ஒப்படைத்து, இடைவெளி விடாமல் பத்தாண்டு நடத்த வேண்டும். இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான சூட்டு ஏற்றத்தாழ்வான இருமுனை நேர்நிலைக்குப் போகும் ஆண்டுகளில் தெற்கே வரும் அந்த நீரோட்டம் தளர்கிறது, எதிர்நிலையில் வலுக்கிறது. எந்த ஆண்டில் வடக்கு நீர் காரைக்கால் வரை வந்தது, எந்த ஆண்டில் வழியிலேயே நின்றது என்பதை அந்தப் பத்தாண்டுப் புட்டிகளையும் அதே ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் அருகருகே வைத்துத்தான் சொல்ல முடியும்.