அலமாரியில் உறங்கிய புதிய மலர்

மலைச்சரிவில் நீங்கள் இதுவரை காணாத பூச்செடி ஒன்றைக் காண்கிறீர்கள். அது புதிய இனமா? உங்களுக்குப் புதிது என்பதால் தாவரவியலுக்கும் புதிதாகிவிடாது. பின் எப்படி முடிவு செய்வது?

நேபாளத்தின் இமயமலைச் சரிவுகளில், 3,300 மீட்டருக்கு மேல், மஞ்சள் நிறப் பூச்செடி ஒன்று வளர்கிறது. இது கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் 1962-லும் 1994-லும் இதைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்தனர். ஆனால், இதைப் போன்ற மஞ்சள் பூச்செடிகள் அம்மலைகளில் வேறும் உண்டல்லவா? தனி இனம் என்று எவரும் உணரவில்லை.

பின்னர் பால் ஈகன் என்ற ஆய்வாளர் இச்செடியை மலையிலேயே ஆராய்ந்தார். உறவுச் செடிகளோடு ஒப்பிட்டார். ஒரு செடியின் உயரமோ நிறமோ மட்டும் மாறியிருந்தால் போதாது. பல வேறுபாடுகள் சேர்ந்து, பல செடிகளில் தவறாமல் காணப்பட வேண்டும். இச்செடி காலம் தாழ்த்தி, இலையுதிர் காலத்தில் பூப்பது ஒரு முக்கிய வேறுபாடு.

2011-இல் இதற்கு 'மெக்கனாப்சிஸ் ஆட்டம்னாலிஸ்' என்று பெயரிடப்பட்டது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல்லுக்கு 'இலையுதிர் காலத்துக்குரியது' என்று பொருள். புதிய பெயர் சூட்டும்போது உலர்ந்த மாதிரி ஒன்றை 'வகை மாதிரி' எனக் குறித்துப் பாதுகாக்க வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதுவே சாட்சி.

மாணவர்களே, நீங்கள் செடிகளை உலர்த்தி வைக்கும்போது, பறித்த இடத்தையும் நாளையும் மறவாமல் எழுதுங்கள். அந்த ஒரு வரி என்றேனும் ஓர் இனத்தையே அடையாளம் காட்டக்கூடும்!