ஓடாத சக்கரம் ஏன் தேய்கிறது?

பழைய மோட்டார் வண்டியொன்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, மரப்பெட்டிகளில் அடுக்கி, ஆயிரக்கணக்கான மைல் தூரம் ரயிலிலோ லாரியிலோ அனுப்புகிறவர், துருவுக்கும் திருட்டுக்கும் அஞ்சுவாரேயன்றி, அசையாமல் கிடக்கும் சக்கரத்துப் பேரிங் பிரயாணத்திலேயே தேய்ந்துபோகும் என்று சொப்பனத்திலும் நினைக்கமாட்டார். ஆயினும் அது நிகழத்தான் செய்கிறது. 1937-ஆம் ஆண்டில் ஆல்மன் என்ற அமெரிக்கப் பொறியியலறிஞர், வாங்கியவர் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே புதுக் கார்களின் பேரிங்குகள் கெட்டிருப்பதை ஆராய்ந்து, நெடுந்தூரம் வந்தவற்றில் சேதம் மிகுந்தும், கோடையைவிடக் குளிர்காலத்தில் அதிகரித்தும் இருந்ததைக் கண்டார்.

காரணம் என்ன? பேரிங் சுழலும்போது உருளும் குண்டுகள் கிரீஸை ஓயாமல் புதுப்பித்துக்கொள்கின்றன. அது நின்றிருக்க, வாகனத்தின் அதிர்வு மட்டும் ஓயாதிருந்தால், குண்டு ஒரே இடத்தில் மயிரிழையளவு முன்னும் பின்னும் ஆடி, அங்கிருந்த கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிட, உலோகத்தோடு உலோகம் நேரே உராய்ந்து, உதிர்ந்த நுண்துகள் துருவாகி, மணல்போல் மேலும் அராவுகிறது. குளிரில் இறுகிய கிரீஸோ திரும்பிவந்து அவ்விடத்தை நிரப்பாது. சும்மா கிடப்பது சௌக்கியமென்பது மனிதருக்குப் பொருந்தலாம், பேரிங்குக்குப் பொருந்தாது போலும்!

ஆகவே, சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றி, பேரிங்கைத் தனியே எடுத்து, துருத்தடுப்பு எண்ணெய் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பாரம் ஏறாத இடத்தில் மெத்தென்று வைப்பதே உசிதம். வண்டியைத் திரும்பக் கோக்கும் நாளில், பேரிங் வளையத்தின் உட்பாதையை நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். குண்டுகளின் இடைவெளிக்கு ஒத்தபடி பள்ளங்கள் தட்டுப்பட்டால், அதை மாற்றவேண்டியதுதான்.