'ரெண்டு ப்ராசசர் போட்டா ரெண்டு மடங்கு வேகமா?' - பழைய சர்வர் போர்டின் லாப நஷ்டக் கணக்கு

சங்கரன்கோவிலில் வீடியோ எடிட்டிங் செய்யும் ஓர் இளைஞர், ஆடித்தபசுக்கு முன்பாகப் புது கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: 'ரெண்டு ஜியான் ப்ராசசர், 28 கோர், விலை ரொம்பக் கம்மி!' வாங்கலாமா?

ஏன் இவ்வளவு மலிவு?

டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மாற்றும். கழித்துக்கட்டிய ப்ராசசர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. 2016-ல் வந்த இன்டெல் ஜியான் இ5-2680 வி4 அப்படி ஒன்று. ஒன்றில் 14 கோர். இரண்டு சேர்ந்தால் 28. ப்ராசசர் மலிவுதான். ஆனால் இரண்டு சாக்கெட் போர்டு, இரண்டு கூலர், பெரிய கேபினெட், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ் என்று செலவு கூடும்.

வேகம் டபுள் ஆகுமா?

எல்லா வேலையிலும் ஆகாது. 10 நிமிட வேலையில் 5 நிமிடப் பகுதியை மட்டுமே பிரித்துச் செய்ய முடியும் என்றால், இரண்டு ப்ராசசர் இருந்தாலும் ஏழரை நிமிடம் ஆகும். இதைத்தான் 'ஆம்டால் விதி' என்கிறார்கள். பிரிக்க முடியாத வேலைக்கு ஒரு கோரின் வேகமே முக்கியம். இந்த ஜியானின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2020-ல் வந்த 16 கோர் ரைசன் 9 5950எக்ஸ் ஒற்றை ப்ராசசரே 4.9 வரை போகும்.

ராமில்தான் சிக்கல்

இரண்டு ப்ராசசருக்கும் தனித்தனி ராம் ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சேனல். முழு வேகம் வேண்டுமென்றால் மொத்தம் 8 ராம் போட வேண்டும். 'இப்போதைக்கு ஒண்ணு போதும்' என்று போட்டால், ஒரு ப்ராசசர் அடுத்ததன் ராமிலிருந்தே டேட்டாவை எடுக்கும், தாமதமாகும். விசைத்தறிக்காரர் பக்கத்துக் கொட்டகைக்குப் போய் நூல் எடுத்து வருவது மாதிரி. 2025 இறுதியில் ஏஐ தேவையால் ராம் விலையும் எகிறியது. சர்வருக்கான 'ரெஜிஸ்டர்டு' ராமை பின்னாளில் சாதாரண போர்டில் போடவும் முடியாது.

கரண்ட் பில்?

ஒரு ப்ராசசருக்கு 120 வாட், இரண்டுக்கு 240. தினமும் 8 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 60 நாளில் சுமார் 115 யூனிட். தமிழக வீடுகளுக்கு 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்தையே ப்ராசசர்கள் மட்டும் தாண்டிவிடும். ஃபேன், ஏசி தனி.

அப்போ யாருக்கு லாபம்?

பிளெண்டரில் ப்ராசசரை வைத்து 3டி ரெண்டரிங் செய்பவர்கள், ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் டெவலப்பர்கள், 128 ஜிபிக்கு மேல் ராம் தேவைப்படுபவர்கள் யோசிக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்தும் என்பதால், புரோ அல்லது லினக்ஸ் தேவை. இந்தத் தலைமுறை ஜியான், விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலும் இல்லை.

வீடியோ எடிட்டிங்தான் வேலை என்றால், அதே பணத்தில் வேகமான ஒற்றை ப்ராசசரும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.