துணிக்கும் திசை உண்டு

தறியில் நெய்த துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போய்வருவது ஊடை. பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி நெய்வதால் அந்தத் திசையில் துணி அநேகமாக நீளாது. ஊடைத் திசையில் சற்றே இளகும். சட்டையிலும் கால்சட்டையிலும் மேலிருந்து கீழாகப் பாவு வரும்படி வெட்டுவது இதனால்தான். கரை இருந்தால் பாவு அதற்கு இணையாகப் போகும். கரை போன துண்டுத் துணியை இரு வாக்கிலும் இழுத்துப் பார்த்தால், குறைவாக இளகும் வாக்கு பாவு.

இவை இரண்டுக்கும் நடுவே, 45 பாகையில் மூலைவாட்டமாக மூன்றாவது திசை ஒன்று இருக்கிறது. தையற்கடைகளில் அதற்குப் பெயர் கிராஸ். மற்ற இரு வாக்கிலும் முரண்டு பிடிக்கும் பருத்தித் துணிகூட கிராஸில் இழுத்தால் நீண்டு கொடுக்கும். ஆனால் நூல் நீள்வதில்லை. கடை வாசலில் இழுத்துச் சாத்தும் மடக்குக் கதவில் கம்பி நீளாமலே கதவு விரிவதுபோல, பாவும் ஊடையும் சேர்ந்த சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகச் சாய்கின்றன. ஒரு மூலைவிட்டம் நீள, மற்றது குறுகுகிறது. கிராஸாக வெட்டிய துணி நீளும்போதே அகலத்தில் ஒடுங்கி உடம்போடு படிவது இதனால்தான்.

பாரிசில் 1912இல் சொந்தத் தையலகம் தொடங்கிய மதலேன் வியோனே, அதுவரை பெரும்பாலும் ஓரப்பட்டிகளுக்குப் பயன்பட்ட இந்தக் குணத்தை முழு உடைக்கும் கொண்டுவந்தார். சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே உடைகளை வடிவமைத்தார். வழக்கத்தைவிட அகலமான துணிகளை நெய்யச் சொல்லி வாங்கினார். தமிழ்நாட்டில் கிராஸ் கட் பிளவுஸின் முன்பகுதி உடலோடு பொருந்துவதும் இதே கணக்கில்தான். கழுத்து வளைவுக்கு வைக்கும் பைப்பிங் துணியையும் கிராஸாக வெட்டினால்தான் வளைவில் சுருக்கம் விழாது.

கிராஸுக்குத் துணி அதிகம் செலவாகும். துணியை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு நேருமில்லாமல் கிராஸுமில்லாமல் அரைச் சாய்வில் வெட்டுவது இன்று சர்வசாதாரணம். அப்படி வெட்டிய உடை ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும். பழி மட்டும் உடுத்தியவரின் உடல்வாகின் மேல் விழும். முறையாகக் கிராஸில் வெட்டிய பாவாடையையும் உடனே மடித்து அடிக்கக் கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டால் தன் எடையில் எங்கெங்கே இறங்குமோ இறங்கிவிடும். பிறகு அடிப்பக்கத்தைச் சமமாக வெட்டி மடிக்கலாம்.

தறியில் விறைத்திருந்த நூல் முதல் சலவையில் தளர்ந்து சுருங்கும். பருத்தியையும் லினனையும் வெட்டுமுன் நனைத்து உலர்த்துவது இதற்காகவே. பாலியெஸ்டர் நீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை, அப்படிச் சுருங்குவதுமில்லை. அதற்கு நனைக்காத பருத்தி லைனிங் வைத்துத் தைத்தால் உள்துணி மட்டும் சுருங்கி மேல்துணி கொப்பளித்து நிற்கும். தீபாவளி நெருக்கடியில் முதலில் கைவிடப்படும் வேலை இந்த நனைப்புதான். அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்கும் அதில் பங்குண்டு. 'காட்டன்' என்று வாங்கியதில் கலப்பு உண்டா என்று பார்க்க இரண்டு நூலை உருவிக் கொளுத்தலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்; பட்டு முடி கருகும் நாற்றமடிக்கும்.

ஷிஃபானும் ஜார்ஜெட்டும் கத்தரிக்கு நழுவும். அடியில் வெள்ளைத் தாள் விரித்து, இரண்டையும் சேர்த்துக் குத்தி வெட்டினால் அடங்கும். இவற்றுக்கு 9ஆம் அல்லது 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. பனியன் துணிக்கு நுனி மழுங்கிய ஊசி வேண்டும். கூர்நுனி பின்னல் கண்ணியை அறுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டில் குண்டூசித் துளை மறையாது என்பதால் தையலுக்குள் மறையும் ஓரத்தில் மட்டுமே குத்த வேண்டும்.

வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வாக்கில் வெட்டாவிட்டால் ஒரே உடை இரண்டு நிறமாகத் தெரியும். இஸ்திரி போடும்போது முகப்பைக் கீழாக்கி, தடித்த துவாலையின் மேலோ இன்னொரு வெல்வெட் துண்டின் மேலோ விரித்து, பெட்டியை அழுத்தாமல் ஆவியை மட்டும் காட்ட வேண்டும். அழுத்தினால் நசுங்கும் இழைகள் மறுபடி நிமிர்வது அரிது.