பழைய கீபோர்டு லேப்டாப்போடு பேச மாட்டேங்குதா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

அத்திப்பட்டு, எண்ணூர் முதல் ராயபுரம் வரை வடசென்னையில் கானா கச்சேரி, மெல்லிசைக் குழு, சர்ச் பாடகர் குழு என்று பலரும் இன்னும் பழைய யமஹா, ரோலண்ட் கீபோர்டுகளைத்தான் நம்பி வாசிக்கிறார்கள். வீட்டிலேயே ரெக்கார்டு பண்ணலாம் என்று லேப்டாப்பில் இணைத்தால், சத்தமே வராது. 'பழைய மாடல் சார், செட் ஆகாது, புதுசு வாங்கிடுங்க' என்ற அறிவுரைதான் முதலில் கிடைக்கும். ஆனால், பெரும்பாலும் பழுது கீபோர்டில் இருக்காது. நடுவில் இருக்கும் கேபிளிலோ, டிரைவரிலோ, செட்டிங்ஸிலோதான் இருக்கும்.

மிடி என்றால் என்ன?

வெவ்வேறு கம்பெனி கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-ல் வந்த பொது மொழிதான் மிடி. அதில் ஓடுவது சத்தம் அல்ல, தகவல். எந்தக் கட்டையை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்பது போன்ற தகவல்கள்தான் போகும். சத்தத்தை உருவாக்குவது லேப்டாப்பில் உள்ள சாஃப்ட்வேர். 2020-ல் மிடி 2.0 வந்தபோதும், பழைய கருவிகளோடு ஒத்துப்போகும்படியே வடிவமைத்தார்கள். அதனால் 1990-களில் வாங்கிய கீபோர்டின் மொழி இன்றைய லேப்டாப்புக்கும் புரியும்.

எங்கே தேடுவது?

1. கேபிள்: பின்பக்கம் வட்டமான 5 பின் சாக்கெட் இருந்தால் யுஎஸ்பி-மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். கீபோர்டின் 'அவுட்', இன்டர்ஃபேஸின் 'இன்'-க்குப் போக வேண்டும். சில மலிவு கேபிள்களில் இந்தப் பெயர்கள் குழப்பமாக இருக்கும். எனவே, மாற்றிச் செருகிப் பாருங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று பின்களை அரிக்கும். பவரை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

2. டிரைவர்: சில பழைய கீபோர்டுகளில் யுஎஸ்பி சாக்கெட்டே இருக்கும். ஆனால், அதற்கென்று தனி டிரைவர் தேவைப்படும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. பல ரோலண்ட் மாடல்களில் 'யுஎஸ்பி டிரைவர்' என்ற செட்டிங்கை 'ஜெனரிக்' என்று மாற்றி, ஆஃப் செய்து ஆன் செய்தால் தனி டிரைவர் இல்லாமலே மிடி ஓடும். எதுவும் சரிப்படவில்லையா? 5 பின் சாக்கெட்டும் இருந்தால் அதற்கே திரும்புங்கள். தனி டிரைவர் கேட்காத, 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' வகை இன்டர்ஃபேஸ் போதும்.

3. சாஃப்ட்வேர்: செட்டிங்ஸில் மிடி இன்புட்டாக உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? மிடியில் 16 சேனல்கள் உண்டு. கீபோர்டு 3-வது சேனலில் அனுப்ப, டிராக் 1-வது சேனலை மட்டும் கேட்டால் சத்தம் வராது. விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேருக்குத்தான் வழிவிடும். மற்றதை மூடிவிட்டுத் திறந்து பாருங்கள்.

4. இரட்டைச் சத்தம்: ஒரு கட்டைக்கு இரண்டு முறை ஒலித்தால், கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். கீபோர்டின் சொந்த ஒலி நிற்கும், லேப்டாப் ஒலி மட்டும் வரும்.

தாமதமாகக் கேட்கிறதே?

இதற்கும் பழைய கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். 5 பின் கேபிளில் விநாடிக்கு 31,250 பிட்கள் ஓடும். ஒரு ஸ்வரத்தின் தகவல் போய்ச்சேர சுமார் 1 மில்லி விநாடிதான். சாஃப்ட்வேரில் ஆடியோ பஃபர் 1,024 சாம்பிள் என்று இருந்தால், அது மட்டுமே சுமார் 23 மில்லி விநாடி தாமதம். 256 ஆகக் குறைத்தால் 6 மில்லி விநாடிக்கு வந்துவிடும். விண்டோஸில் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துங்கள்.

எப்போது மாற்றலாம்?

முதலில் கீபோர்டில் ஹெட்போன் செருகி வாசியுங்கள். எல்லாக் கட்டையும் ஒழுங்காக ஒலித்தால் கருவி நலம். பிறகு மிடி மானிட்டர் என்ற வகை இலவச சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு கட்டையை அழுத்துங்கள். திரையில் எண்கள் ஓடினால் கீபோர்டு, கேபிள், டிரைவர் மூன்றும் சரி. மிச்சம் இருப்பது சாஃப்ட்வேர் செட்டிங்தான். எண்கள் ஓடவில்லை என்றால் வேறொரு இன்டர்ஃபேஸை இரவல் வாங்கிச் சோதியுங்கள். அதிலும் ஓடாவிட்டால், மிடி சாக்கெட்டை மட்டும் பழுது பார்க்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். புது கீபோர்டு என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.