வசிட்டரே இரண்டு பேர்

மொட்டைமாடி வானம் – 11

வைகாசி பிறந்த மறுநாளே எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். காலை பத்தரைக்கு முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும் ஐயர் மணமக்களை மண்டப வாசலுக்குக் கூட்டி வந்து, கண்ணைக் கூசும் வெயிலில் வடக்கே கையை நீட்டி, “அதோ, அருந்ததி” என்றார். மாப்பிள்ளை “தெரியுது” என்றார். பெண்ணும் தலையை ஆட்டினாள். வீடியோக்காரர் மட்டும் கேமராவை மேலே தூக்கிவிட்டு, என்ன எடுப்பது என்று தெரியாமல் மறுபடி கீழே இறக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தவர்களைப் பெண்ணின் அம்மா ராத்திரி என் மொட்டைமாடிக்கே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். “பகல்ல பார்த்தது கணக்குல வராது தம்பி. உங்க குழாய்ல ஒரு தடவை காட்டிவிடுங்க.”

குழாய் என்று அவர் சொல்வது என் 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியை. கண்ணாடி ரசம் எதுவும் கிடையாது. முன்னால் வில்லை, பின்னால் கண்ணருகு வில்லை, நடுவில் 70 சென்டிமீட்டருக்குக் கறுப்புக் குழாய். பொருளருகு வில்லையின் குவியத்தூரம் 700 மில்லிமீட்டர். பின்னால் 25 மில்லிமீட்டர் ஐபீஸைச் செருகினால் 28 மடங்கு. 10 மில்லிமீட்டருக்கு 70 மடங்கு. அட்டைப்பெட்டியில் என்னவோ 525 மடங்கு என்றுதான் அச்சடித்திருந்தது. நம்ப வேண்டாம். வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகும், விவரம் கூடாது. பரோட்டா மாவை இழுப்பது மாதிரிதான், இழுக்க இழுக்க நடுவில் ஓட்டை விழும்.

சப்தரிஷி மண்டலத்தின் வாலில் கடைசிக்கு முந்தியவர் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி. இருவருக்கும் இடைவெளி 12 கலை. நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. நல்ல கண்ணுக்கு வெறும் பார்வையிலேயே தெரியும். மே மாத நடுவில் இரவு பத்தேகால் மணிக்கு இருவரும் நமக்கு வடக்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில் நிற்பார்கள்.

பெண் முதலில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “மாமா, அருந்ததி தெரியுது. ஆனா வசிஷ்டருக்குப் பக்கத்துல இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கே, அது யாரு?” என்றாள்.

அவள் அம்மா முந்திக்கொண்டார்: “பார்த்தியா, அந்தக் காலத்துலயே!”

அந்த இன்னொருவரை முதலில் தொலைநோக்கியில் பார்த்தது இத்தாலியில், 1617-ல். கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி, குருவிடம் “அதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொன்னார். இரண்டுக்கும் நடுவே 14 விகலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்று பள்ளியில் படித்தது மறந்திருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் நின்றுகொண்டு பார்த்தால், அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஒருவர் தூக்கிப் பிடிக்கும் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் ஏறக்குறைய 10 விகலை. என் சின்ன வில்லைக்கு அது பெரிய காரியமே இல்லை. வானம் அசையாமல் இருந்தால் இரண்டு விகலை இடைவெளியைக்கூட அது பிரித்துக் காட்டும். கதை அதோடு முடியவும் இல்லை. 1889-ல் ஹார்வர்டில் பிக்கரிங், நிறமாலையை வைத்து, வசிட்டர்களில் மூத்தவரும் இரண்டு விண்மீன்கள்தான் என்று அறிவித்தார். இளையவரும் அப்படியே. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை உண்டென்று 2009-ல் தெரிந்தது. ஆக, மண்டப வாசலில் ஐயர் காட்டியது ஆறு பேரை. கடைசியாகச் சொன்ன மூன்று ஜோடிகளையும் எந்த மொட்டைமாடியிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது. வசிட்டர் இரண்டாகத் தெரிவதே இந்தக் குழாய்க்குப் போதும்.

வடக்கே பார்த்தவர்களை அப்படியே திரும்பி நிற்கச் சொன்னேன். திண்டுக்கல்லில் இருப்பதன் லாபம் இங்கேதான். அந்தப் பத்தேகால் மணிக்கு வசிட்டரிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே ஒரு கோடு இழுத்தால், உச்சியைத் தாண்டியதும் சித்திரை நட்சத்திரம் அதே கோட்டில் நிற்கும். இன்னும் கீழே இறங்கினால், சிறுமலைப் பக்கமாக, அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில் பஞ்சுப் பொட்டு போல ஒன்று. ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு அழுக்குப் படிந்த விண்மீன். 28 மடங்கில் உருண்டையான பனிமூட்டம். ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு கோடி விண்மீன்கள் கூட்டமாக. மூன்றும் சில நிமிட இடைவெளியில் நம் உச்சிக்கோட்டைக் கடக்கின்றன. லண்டன்காரனுக்கு வசிட்டர் உண்டு, சித்திரை உண்டு. ஒமேகா சென்டாரி அவனுக்கு உதிப்பதே இல்லை. சிட்னிக்காரன் அதைத் தலைக்கு மேல் பார்ப்பான், வசிட்டர் அவனுக்கு அடிவானத்தோடு சரி. மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வசதியாகப் பார்க்க நம் 10 பாகை அட்சரேகை மாதிரி இடம் வேண்டும்.

லாபத்தோடு ஒரு தொல்லையும் உண்டு. துருவ நட்சத்திரம் நமக்குப் பத்து பாகை உயரத்தில்தான். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை நோக்கி அச்சைச் சாய்க்க வேண்டிய ஈக்வடோரியல் தாங்கிகள் குளிர்நாட்டுக்காரர்களுக்காகச் செய்தவை. இங்கே அச்சு கிட்டத்தட்ட படுத்துவிடும், எடைக்கட்டி முக்காலியின் காலில் இடிக்கும். காசைக் கொட்டி வாங்கிவிட்டு இடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கி போதும்.

போதும் என்றேனே தவிர, என் தாங்கி ஆடும். கடையில் வந்த பிளாஸ்டிக் நட்டு ஆறே மாதத்தில் வழுக்கிவிட்டது. நல்லாம்பட்டியில் ஒரு பூட்டுப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். மாங்காய்ப் பூட்டு செய்கிற கை. நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு மரையா” என்று சொல்லி, பித்தளையில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை, “என்னைக்காவது காட்டுங்க” என்றார். கல்யாண வீட்டார் வந்த அன்று அவரும் வந்திருந்தார்.

அவருக்காக வைத்திருந்தது வேறு. ஒமேகா சென்டாரிக்கும் கீழே, இடப்பக்கம், சிறுமலையின் முதுகுக்கு மேலே இரண்டு பளிச்சென்ற விண்மீன்கள். அவற்றில் கீழே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்குக் கிட்டத்தில் இருக்கும் விண்மீன் குடும்பம் அதுதான், 4.37 ஒளியாண்டு. டெல்லியில் அது அடிவானத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. இங்கே 19 பாகை உயரம் வரை வரும்.

இந்த விண்மீன் இரட்டை என்று உலகத்துக்குத் தெரிந்தது தமிழ் மண்ணில். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் விடியற்காலையில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமில் கலகம் மூண்டதால் அங்கிருந்து தப்பி வந்தவர். பக்கத்திலிருந்த ஆல்ஃபா சென்டாரி மேல் குழாயைத் திருப்பியபோது, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. அவரிடம் இருந்தது 12 அடி நீளக் குழாய். பெரிய கருவி என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைக்கு முன்பக்கம் ஒற்றை வில்லைதான். ஒற்றை வில்லை வெள்ளை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஓரமெல்லாம் சாயம் பூசிவிடும். குவியத்தூரத்தை நீட்டிக்கொண்டே போவதுதான் அன்றிருந்த ஒரே வைத்தியம். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து, ஒன்றின் பிழையை மற்றொன்றால் தீர்க்கும் வில்லைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை வாங்கியது 1758-ல். அதனால்தான் ரிஷோவின் 12 அடி இன்று என் கையில் 70 சென்டிமீட்டர். சாயம் முழுக்கப் போய்விடவில்லை. வெள்ளியைப் பார்த்தால் ஓரத்தில் கத்திரிப்பூ நிறம் தெரியும். சிலருக்கு அது குறை, எனக்குப் பிடித்திருக்கிறது.

சின்னக் குழாயைக் கேலி செய்கிறவர்களுக்கு நான் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. 1786-ல் கும்பினி அதிகாரி வில்லியம் பெட்ரி சென்னை எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். அதில் இருந்தவை 3 அங்குலத் தொலைநோக்கிகள், அதாவது 76 மில்லிமீட்டர். என் குழாயைவிட ஆறு மில்லிமீட்டர் கூட. அதுதான் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகமாக வளர்ந்தது. 1850-ல் அங்கே பாரீசிலிருந்து ஆறு அங்குல லெரபூர் தொலைநோக்கி வந்தது. 1861-ல் வானியலாளர் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஏசியா’ என்று பெயர் வைத்ததும் அங்கேதான். 1899-ல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியபோது லெரபூரும் மலை ஏறியது. மோட்டார் ரோடு இல்லாத காலம். நம் மொட்டைமாடிகளிலிருந்து மேற்கே பார்த்தால் சூரியன் இறங்குகிற அதே பழனிமலைத் தொடரில், அந்த ஆறு அங்குலக் குழாய் சூரியனையே படம் எடுக்கிற வேலையில் அமர்ந்தது.

(சூரியன் என்றதும் சொல்லிவிடுகிறேன். முன்பக்க வில்லையின் மேல் அதற்கென்று செய்த வடிகட்டி இல்லாமல் குழாயைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸில் மாட்டுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி பெட்டியோடு வந்திருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள், சூட்டில் வெடிக்கும்.)

பட்டறைக்காரர் உட்கார்ந்தார். 10 மில்லிமீட்டர் ஐபீஸ், 70 மடங்கு. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தெருவிளக்கு எல்.ஈ.டி. வெளிச்சத்துக்காகத் தலையோடு துண்டைப் போர்த்திவிட்டேன். ஆல்ஃபா சென்டாரியின் இரண்டும் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. 2016-ல் 4 விகலை வரை நெருங்கியிருந்தன. அப்போது இந்தக் குழாயில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது விலகிக்கொண்டே போகின்றன. 2029 வாக்கில் 10 விகலை. சின்னக் குழாய்க்காரர்களுக்கு இது நல்ல காலம்.

மற்றவர்களுக்கு நான், “கொஞ்சம் பொறுங்க, காத்து அடங்கட்டும், நடுவுல பாருங்க” என்று கால் மணி நேரம் சொல்ல வேண்டியிருக்கும். இவர் கண் வைத்த உடனே சொன்னார்: “ரெண்டு. மேல மஞ்சளு, கீழ கொஞ்சம் சிவந்தாப்புல. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருட்டு.” லீவர்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளியை அரத்தால் ராவி ராவிப் பழகிய கண்.

அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை பின்னால் காத்து நிற்கிறார். நான் மெல்ல, “அண்ணே, அவரும் பார்க்கட்டும்” என்றேன்.

“இருங்க.” கண்ணை எடுக்காமலே, ஒரு விரலால் குழாயை லேசாகத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். “ரெண்டும் சேர்ந்தே ஆடுது பாருங்க, ஆடி நிக்க மூணு நொடி ஆகுது. நட்டுல கால் நூல் ஆட்டம் இருக்கு. காலையில கழட்டிக் கொண்டாங்க.”

(அடுத்த வாரம்: வளர்பிறை எட்டாம் நாள், நிலாவின் விளிம்பில்)